22 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கொடிகாமம்

முதல் நாள், வெள்ளி

ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. அதோடு வெள்ளிக்கிழமைக்கும் லீவு போட்டு, நான்கு நாளும் குட்டி ரயில்களுக்கே என்று மான்செஸ்டரிலிருந்து லண்டன் வந்திருக்கிறேன். கூட இரண்டு பேர். ஒருவர் கோயம்புத்தூர்த் தம்பி. வாடகை அறையின் ஜன்னல் திண்டில் 9 மி.மீ. தண்டவாளம் போட்டு ரயில் விடுகிறவர். இன்னொருவர் யாழ்ப்பாணத்து நண்பர். அவர் ரயில் கட்டுகிறவர் இல்லை. ஆனால் இந்தப் பயணமே அவரால்தான். "எங்கட ஊர் அண்ணை ஒராள் தன்ரை வீட்டுக் கூரைக்குக் கீழை முழுக் கொடிகாமம் ஸ்டேஷனையும் கட்டி வைச்சிருக்கிறார், நீ வந்து பார்க்கோணும்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறோம். அதற்கு முன் இரண்டு நாள், இந்தக் கலையில் பெயர் பெற்ற இரண்டு இடங்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் திருச்சிக்கு வந்த ரயில்வே பட்டறையில் அப்பா ஃபிட்டர். காலையில் சங்கு ஊதினால் தெருவே சைக்கிளில் கிளம்பும். பத்து வயதுவரை எனக்கு ரயில் என்றால் மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலம்) தான். இப்போது வீட்டில் நான் கட்டிக்கொண்டிருப்பதும் அதுதான்: 87இல் ஒரு பங்கு அளவு, 12 மி.மீ. தண்டவாளம்.

மேரிலெபோன் ஸ்டேஷனில் ரயில் ஏறி பீக்கன்ஸ்ஃபீல்டில் இறங்கினோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பெக்கன்ஸ்காட். ரோலண்ட் காலிங்ஹாம் என்ற லண்டன் கணக்காளர் தன் தோட்டத்தில் கட்டி 1929இல் திறந்த குட்டி ஊர். வீடுகள் 12இல் ஒரு பங்கு. தேவாலயக் கோபுரம்கூட ஆளைவிடக் கொஞ்சம்தான் உயரம். நடுவில் குளம், பாலம், கிரிக்கெட் மைதானம். எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ரயில் ஓடுகிறது. பெரிய ஸ்டேஷனின் பெயர் மேரிலூ. லண்டனின் மேரிலெபோனையும் வாட்டர்லூவையும் சேர்த்துச் செய்த பெயர்.

இந்தத் தோட்டத்தில் என்னைக் கவர்ந்தது ஒரு கணக்கு. வீடுகள் 12இல் ஒரு பங்கு என்றால் தண்டவாளத்தின் அகலம் 120 மி.மீ. அளவுக்கு வரவேண்டும். ஓடுவதோ 45 மி.மீ. கேஜ். அதாவது வீட்டுக்கு ரயில் மிகச் சின்னது. ஒரு மணி நேரம் சுற்றிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. குழந்தைகள் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. ரயில் மரத்துக்குப் பின்னால் போய் மறைந்து, குளத்துக்கு அந்தப் பக்கம் திரும்ப வரும்போது கண் அதை 'தூரத்தில் போகிறது' என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைக் குறித்துவைத்தேன்.

நடுவில் சில பத்தாண்டுகள், காலத்துக்கு ஏற்ப இங்கேயும் கான்கிரீட் கட்டடங்களைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1992இல் அது வேண்டாம் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் 1930களுக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். நல்ல முடிவு.

இரண்டாம் நாள், சனி

பேடிங்டனிலிருந்து டிட்காட். காலை இரண்டு மணி நேரம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கும் டிட்காட் ரயில்வே மையத்தில் போனது. 1932இல் கட்டிய இஞ்சின் ஷெட் அப்படியே இருக்கிறது. உள்ளே கரியும் எண்ணெயும் கலந்த வாசனை. அந்த வாசனையில் நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். புருனெல் என்ற பொறியாளரின் ஏழடி அகலப் பாதையையும் ஒரு துண்டு போட்டுவைத்திருக்கிறார்கள். 1892 மே மாதத்தோடு இங்கிலாந்தில் மறைந்த கேஜ் அது. ரயில் பெட்டி இல்லாமல் அந்தப் பாதையை மட்டும் பார்த்தாலே மாட்டு வண்டி போகிற அளவுக்கு இருக்கிறது.

பிறகு டாக்ஸி பிடித்து லாங் விட்டன்ஹாம் கிராமம். பெண்டன் அருங்காட்சியகம்.

பெண்டனைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்தபோது பேச்சு வரவில்லை. இதன் பின்னால் இருப்பவர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925இல் இங்கே வந்தவர், இந்தப் பக்கத்து ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கிராமங்களைப் பார்த்து மயங்கிப்போனார். சில வருடங்களில் அவர் கண்ணெதிரேயே வைக்கோல் கூரைகளைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட ஆரம்பித்தார்கள். தடுக்க அவருக்கு வழியில்லை. அளந்து, படம் எடுத்து, குட்டியாகவாவது காப்பாற்றிவைப்போம் என்று உட்கார்ந்தார். 1954இல் இந்தக் கிராமத்தில் இருந்த பழைய மதுக்கடைக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார். 1995இல் இறக்கும்வரை இதுதான் அவர் வேலை. தொண்டர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அளவு, ஓர் அடிக்கு 4 மி.மீ. அதாவது 76இல் ஒரு பங்கு. சுவர்கள் அட்டை. அந்த அட்டையில் செங்கல் செங்கலாகக் கோடு கீறி, ஒவ்வொரு செங்கல்லுக்கும் தனித்தனியாக நீர்வண்ணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் மூலையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு செங்கல் கொஞ்சம் கருகிய நிறம், பக்கத்தில் இருப்பது வெளிறியது, கீழே மண்ணை ஒட்டிய வரிசையில் ஈரம் ஏறிய பச்சை. ஜன்னலுக்குள் திரைச்சீலை. தோட்டத்தில் முட்டைக்கோஸ் வரிசை. ரயில் இந்தக் காட்சியில் ஓர் ஓரமாகத்தான் போகிறது. கோயம்புத்தூர்த் தம்பி சத்தமே இல்லாமல், "அண்ணா, இதுக்கு அப்புறம் நான் என் ரூமுக்குப் போய் அந்த பிளாஸ்டிக் வீட்டை எப்படிப் பாக்கறது?" என்றார்.

இன்னொரு அறையில் மேடர் பள்ளத்தாக்கு ரயில்வே. ஜான் அஹெர்ன் 1930களின் கடைசியில் தொடங்கித் தன் வீட்டில் கட்டியது. அவர் மறைவுக்குப் பிறகு பெண்டன் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெண்டனின் துல்லியம் அதில் கிடையாது, ஊரும் கற்பனை ஊர். ஆனால் அந்தக் காலத்தில் மாடல் ரயில் என்றால் ஒரு பலகை, அதன்மேல் தண்டவாளம், ரயில், முடிந்தது. ரயிலுக்கு ஓர் ஊர் வேண்டும், ஊருக்குத் துறைமுகம் வேண்டும், தெருவில் ஆள் வேண்டும் என்று முன்னதாக நினைத்தவர்களில் அவர் முக்கியமானவர். என்னைப் போன்றவர்கள் இன்று செய்வதெல்லாம் அவர் போட்ட பாதையில்தான். கொஞ்சம் மங்கிப்போன அந்தச் சாயத்தின் முன்னால் கைகட்டித்தான் நின்றேன்.

சாயங்காலம் டிட்காட் நடைமேடையில் தேநீர் குடிக்கும்போது யாழ்ப்பாணத்து நண்பர் திடீரென்று சொன்னார்: "அந்த ராய் மனுசன் செய்ததைத்தான் எங்கட அண்ணையும் செய்யிறார். ஆனா இவருக்கு அளக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை."

மூன்றாம் நாள், ஞாயிறு

லண்டனின் மேற்குப் புறநகரில் வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் செருப்புகள், உள்ளே சாம்பிராணி வாசம். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல். "வாங்கோ வாங்கோ. தம்பி பொன்மலையாம், நண்பர் சொன்னவர். அப்ப எங்கட ஆள்தான்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நண்பர் அவரை அண்ணை என்கிறார். எனக்கு ஐயா என்றுதான் வந்தது.

அவருடைய அப்பா இலங்கை ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். சிறு வயது முழுக்க ரயில்வே குவார்ட்டர்ஸ். 1984இல் ஊரை விட்டு வந்து, லண்டன் பாதாள ரயிலில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரை போகிற வடக்குப் பாதை 1905இல் முழுமையானது. கொழும்புக்கும் வடக்குக்கும் நடுவே ஓடும் யாழ்தேவி விரைவு ரயில் தொடங்கியது 1956இல். 1990இல் போரினால் வடக்கே ரயில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பிடுங்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போயின. நண்பர் நேற்றுச் சொன்னதன் பொருள் இதுதான். இந்திய அரசின் கடனுதவியில் இர்கான் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டு, யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் போனது 2014 அக்டோபரில். வந்தது புதுத் தண்டவாளம், புது ஸ்டேஷன்கள். ஐயா கட்டியிருப்பது 1970களின் கொடிகாமம்.

ஏணி ஏறி மேலே போனோம். கூரைச் சரிவுக்குக் கீழே நீள அறை. அவர் ஒரு ஸ்விட்சைப் போட்டார்.

முதலில் கண்ணில் பட்டவை பனைகள்தான். கூரையின் சரிவுவரை எட்டி நிற்கிற பனைகள், கூட்டமாகவும் தனியாகவும். அதன் கீழே வெளிறிய மணல். கிடுகு (பின்னிய தென்னோலை) வேலிகள், நடுவில் துளிர்விட்ட கிளுவங்கதியால், அதாவது வேலிக்கு நட்ட கிளுவைக் கம்பு. அப்புறம்தான் ஸ்டேஷன், அப்புறம்தான் தண்டவாளம். அறையின் ஒரு முனையில் மிருசுவில் பக்கம், மறுமுனையில் மீசாலைப் பக்கம். நடைமேடையின் நீளம் மட்டும் இரண்டரை மீட்டருக்கு மேல். நான் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "ஐயா, தண்டவாளம் என்ன கேஜ்?"

அவர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

இந்தக் கலைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிரிட்டனில் கடையில் கிடைக்கும் மாடல் ரயிலில் வண்டி ஓர் அடிக்கு 4 மி.மீ. அளவு. ஆனால் தண்டவாளம் மட்டும் 16.5 மி.மீ. அது ஐரோப்பாவின் 3.5 மி.மீ. அளவுக்கு உரிய தண்டவாளம். பிரிட்டிஷ் இஞ்சின்கள் உருவத்தில் சின்னவை, அந்தக் காலத்து மோட்டார் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியை மட்டும் பெரிதாக்கினார்கள். அந்தச் சமரசம் இன்றுவரை ஓடுகிறது. இங்கிலாந்துப் பாதைக்கே அது குறைச்சல்தான், சரியாக 18.83 மி.மீ. வேண்டும். இலங்கைப் பாதையோ, இந்திய அகலப் பாதை மாதிரி ஐந்தரை அடி. ஐந்தரையை நான்கால் பெருக்கினால் 22. அந்த அகலத்தில் தண்டவாளம் எந்தக் கடையிலும் கிடையாது. ஐந்தேகால் அடிப் பாதை உள்ள அயர்லாந்துக்காரர்கள் 21 மி.மீ. தண்டவாளத்தைக் கையால் கட்டிக்கொள்கிறார்கள். ஐயா அவர்களிடம் போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டு, 22 மி.மீ. கட்டியிருக்கிறார். முழுவதும் கையால். ஒவ்வொரு சிலிப்பர் கட்டையும் செப்புத் தகடு ஒட்டிய பட்டையிலிருந்து வெட்டியது. ஒவ்வொன்றின் மேலும் இரண்டு ஈயப் பற்ற வைப்பு (சால்டரிங்).

"பதினாறரையிலை ஓட விடலாம் தம்பி. ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஆனா நடைமேடையிலை நிண்டு பாக்கேக்கை எங்கட பெட்டி எவ்வளவு அகலமா வந்து நிக்கும்! அந்த அகலம் வராட்டி அது எங்கட ரயில் இல்லை."

குனிந்து நடைமேடை உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனேன். உண்மைதான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் காலி இடம்தான் காட்சியையே தூக்கி நிறுத்துகிறது. வண்டி பாதையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடை மாடல்களில் அது நொண்டிக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்கு எப்போதுமே தோன்றும். ஏன் என்று இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

வண்டியை இழுத்து வந்து நின்றது எம்2 டீசல் இஞ்சின். 1954 முதல் கனடா இலங்கைக்குக் கொடுத்தவை. ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் என்று கனடா மாகாணங்களின் பெயர் தாங்கியவை. கட்டியது கனடாவில் உள்ள லண்டன் நகரத்துத் தொழிற்சாலை. "அதுவும் லண்டனிலை இருந்து வந்தது, நானும் லண்டனுக்கு வந்தன். லண்டன்தான் வேறை" என்றார். உடலை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்ட நான்கு வருடம் ஆனதாம்.

அடுத்து மணல். நடைமேடைக்குப் பின்னால் ஒரு வண்டிப் பாதை வளைந்து போகிறது. அதில் கிடக்கும் மணல், கொடிகாமம் இருக்கிற தென்மராட்சிப் பகுதியின் மணலேதான். ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் தங்கை கொண்டுவந்தது. நேரே கொட்டினால் சரிவராது என்பது கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணலின் ஒரு பொடி அரை மி.மீ.யில் பாதி இருந்தாலே, 76 மடங்கு பெருக்கிப் பார்த்தால் அது சரளைக்கல். ஐயா அதை முதலில் மாவரிப்பில் அரித்திருக்கிறார், பிறகு மஸ்லின் துணியில், கடைசியில் பழைய நைலான் காலுறையில். முழுப் போத்தலில் தேறியது நான்கைந்து தேக்கரண்டித் தூசி. பசைத் தண்ணீர் தெளித்து, தேநீர் வடிகட்டியால் அதைத் தூவியிருக்கிறார். மாட்டு வண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு தடம், அதற்கு நடுவில் மாட்டின் குளம்பு கலைத்த மேடு பள்ளம். நான் தொடவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் பார்த்தேன்.

பனை ஒவ்வொன்றும் 24 சென்டிமீட்டர், நிஜத்தில் 60 அடி. மூங்கில் குச்சியைச் சீவி, பசையும் மரத்தூளும் பூசி, பழைய மட்டை விழுந்த வளையங்களை ஊசியால் கீறிய தண்டு. ஓலைக்குக் காகிதத்தை விசிறி மாதிரி மடித்து, நுனியைப் பிரித்து, நடுவில் செப்புக் கம்பி. ஒரு பனைக்கு முப்பது ஓலை. எண்பது பனை நிற்கிறது. உச்சியில் பச்சை, அடியில் காய்ந்து தொங்குகிற பழுப்பு ஓலை. "காவோலை இல்லாமல் பனை இருக்கோ?" என்றார்.

மனிதர்கள் இன்னும் கஷ்டம். ஐயா பார்த்த எந்தப் பட்டியலிலும் சேலை கட்டிய பெண் பொம்மை இல்லை, வேட்டிக்காரர் இல்லை. சாயம் பூசாத ஜெர்மன் பொம்மைகளை வாங்கி, தொப்பியைச் சீவி, கோட்டைச் சுரண்டி, மெல்லிய டிஷ்யூ தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்து, கொசுவம் வைத்துச் சேலை உடுத்தியிருக்கிறார். கச்சான் (வேர்க்கடலை) விற்கிற ஆச்சி ஒருத்தி கடகத்தோடு வேலி ஓரம் குந்தியிருக்கிறாள். கடகம் நூலால் பின்னியது. மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர் எழுதிய பலகையில் தமிழ் எழுத்தின் உயரம் இரண்டு மி.மீ. கூட இல்லை, ஒற்றை மயிர்த் தூரிகை. 'டி'யின் கொக்கி முழுசாக இருக்கிறது.

இதையெல்லாம் அளக்க ஒன்றும் மிஞ்சாதபோது எப்படிக் கட்டினார்? தொலைபேசியில். டொராண்டோவில் இருக்கும் பழைய அயலவர், பாரிஸில் இருக்கும் பள்ளித் தோழர், ஊரிலேயே இருக்கும் போர்ட்டரின் மகள். குட்ஸ் ஷெட்டுக்கு இரண்டு கதவா மூன்று கதவா என்று டொராண்டோவுக்கும் பாரிஸுக்கும் ஒரு வருடம் சண்டையே நடந்ததாம். கடைசியில் போர்ட்டர் குடும்பத்தில் ஒரு புகைப்படம் கிடைத்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நிற்கிறார், பின்னால் ஷெட்டின் இடது மூலை. கதவுப் பலகைகளை எண்ணி, அம்மாவின் உயரத்தை வைத்துப் பலகையின் அகலத்தைக் கணக்குப் போட்டு, அதிலிருந்து கதவு, கதவிலிருந்து சுவர். மூன்று கதவு. பாரிஸ்காரர் சொன்னது சரி. அந்த அம்மாவும் குழந்தையும் இப்போது அந்த ஷெட்டின் முன்னால் நிற்கிறார்கள், ஒன்பது மி.மீ. தள்ளி. படத்தில் இருந்த அதே இடம்.

சாப்பாடு முடிந்து (அந்த வீட்டு அக்கா ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார், பலாவிலையில் கோலி ஊற்றிக் குடித்தோம்) உண்மையான வேலை தொடங்கியது. ஐயா எல்லாரையும் ஆளுக்கு ஒரு ஸ்டேஷனில் நிறுத்தினார். ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் போக, டேப்லெட் என்கிற உலோகத் தட்டு டிரைவர் கையில் இருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வெளியே வரும், ஆகவே எதிரும் புதிருமாய் இரண்டு ரயில் வர வழியே இல்லை. இதையும் அவர் செய்துவைத்திருக்கிறார். சுருட்டுப் பெட்டிக்குள் இரண்டு கருவி, மணி, மின் பூட்டு. மிருசுவிலில் நான், மீசாலையில் தம்பி, கொடிகாமத்தில் ஐயா. சுவரில் ஒரு கடிகாரம், நான்கு மடங்கு வேகத்தில் ஓடுகிறது.

மணி அடித்தது, பதில் அடித்தேன், தட்டு வந்தது. அவசரத்தில் அதை எடுக்க மறந்து யாழ்தேவியை விட்டுவிட்டேன். வண்டி அறையின் பாதி தூரம் வந்திருக்கும். ஐயா கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் மின்சாரத்தை நிறுத்தினார். "தம்பி, அந்தப் பக்கத்திலை இருந்து மெயில் வந்துகொண்டிருந்தால்? வண்டியைப் பின்னுக்கு எடுங்கோ. தட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ." பின்னால் எடுத்தேன். என் காது சூடாகியிருந்தது. ஒரு நிமிடத்துக்கு அது பொம்மை என்கிற நினைப்பே இல்லை. அப்பாவின் ஸ்டேஷனில் அவர் இப்படித்தான் கற்றிருப்பார். இரண்டாம் முறை தட்டோடு விட்டேன். சிக்னல் கை இறங்கியது. பனைகளுக்கு நடுவே வண்டி வேகம் குறைத்து, அந்த அகலமான பெட்டிகளோடு நடைமேடையில் வந்து நின்றது. யாழ்ப்பாணத்து நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். யாரும் அவரிடம் பேசவில்லை.

இரவு பத்து மணிக்குத்தான் கிளம்பினோம். "நாளைக்கு லீவுதானே, பட்டறை பாக்க வாங்கோ" என்றார். கேட்கவா வேண்டும்.

நான்காம் நாள், திங்கள்

பட்டறை என்பது தோட்டத்தின் கோடியில் எட்டடிக்கு ஆறடி மரக் கொட்டகை. இந்த இடத்தில் மட்டும் ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்கலாம். சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஆணி, ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவத்தைப் பென்சிலால் வரைந்திருக்கிறார். எது இல்லையென்றாலும் சுவரே சொல்லும். பொன்மலையில் அப்பாவின் டூல் போர்டு இப்படித்தான் இருந்தது. நான் சொன்னதும், "ரயில்வேப் பழக்கம்" என்றார். ஜாம் போத்தல்களில் 'கிடுகு', 'காவோலை', 'சன்னல்', 'ஆக்கள்' என்று தமிழில் சீட்டு. மேசையில் ஆஸ்திரிய யூனிமேட் குட்டி லேத் ஒன்று. தண்டவாள அகலம் பார்க்கும் பித்தளை கேஜை அதில்தான் கடைந்திருக்கிறார், இரு பக்கமும் பள்ளம் வெட்டிய உருளை. பள்ளத்தில் தண்டவாளம் உட்கார்ந்தால் 22. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைக் கையில் வாங்கியபோது எடையே நம்பிக்கை கொடுத்தது.

குட்ஸ் ஷெட்டுக்குப் போகிற பாதையில் ஒரு பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற இடம்) பாக்கி இருந்தது. "நீங்கள் பற்ற வையுங்கோ" என்று சூட்டுக்கோலை என் கையில் கொடுத்துவிட்டார்.

பாயிண்டில் கஷ்டமான இடம் கிராசிங். இரண்டு தண்டவாளம் கூர்மையாகச் சேருகிற 'வி'. தண்டவாளத்தின் உயரம் ஓர் அங்குலத்தில் 75/1000 பங்கு, இரண்டு மி.மீ.க்கும் கீழே. அதை அரத்தால் சீவிச் சீவிக் கத்தி முனை ஆக்க வேண்டும். முனை தடித்தால் சக்கரம் முட்டும், மெலிந்தால் முதல் ரயிலிலேயே மடங்கும். இடைவெளி கூடினால் சக்கரம் அதில் விழும். முதல் முறை நான் பற்ற வைத்தது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் கண்ணால் பார்க்கவில்லை, ஒற்றைச் சக்கர ஜோடியை எடுத்து விரலால் உருட்டினார். 'டக்' என்றது. "கேட்டுதோ? டக் எண்டக் கூடாது. டிக் எண்டோணும்." சூடாக்கி எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி. மூன்றாம் முறை உருட்டியபோது டிக். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். பற்ற வைக்கும்போது பூசுகிற ஃப்ளக்ஸின் புகையில் கண் எரிந்தது, அதனால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாயிண்டைத் திருப்பிப்போட்டு, சிலிப்பரின் அடியில் பென்சிலால் தேதியும் என் பெயரும் எழுதினார். பக்கத்தில் 'பொன்மலை' என்றும். ஜல்லி போட்டு மூடிவிட்டால் இனி யாருக்கும் தெரியாது.

தேநீரோடு பேச்சு போட் மெயிலுக்குப் போனது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும்வரை, எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே கொழும்பு ரயில் பிடிக்கலாம். அவர் தாத்தா அப்படித் திருச்செந்தூர் போய் வந்தவராம்.

"உங்கட பக்கம் மீட்டர் கேஜ், எங்கட பக்கம் அகலப் பாதை, நடுவிலை கடல்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தலைமன்னார் இறங்குதுறையை நான் கட்டலாம் எண்டு ஒரு யோசினை. தனுஷ்கோடியை நீங்கள் கட்டுவீங்களோ?"

மனசு ஓடிவிட்டது, உடனே கணக்கு தடுத்தது. "ஐயா, நான் கட்டுறது 87இல் ஒரு பங்கு. நீங்க 76. உங்க அளவுல மீட்டர் கேஜுக்கு 13 மி.மீ. வேணும், என்கிட்ட இருக்கிறது எல்லாம் 12. ரெண்டையும் பக்கத்துல வெச்சா என் ரயில் சின்னதா தெரியும்."

அவர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மேசையில் வைத்தார். இந்த முனையில் விரலை வைத்து, "இது தலைமன்னார்" என்றார். நடுவில் இருந்த தேநீர்க் கோப்பைகளை அப்பால் தள்ளிவிட்டு, மேசையின் அந்தக் கடைசியில் என் கையைப் பிடித்து வைத்தார்.

"அது கடலுக்கு அங்காலை இருக்கிறதுதானே தம்பி. சின்னனாத்தான் தெரியோணும்."

மான்செஸ்டர் போகிற ரயிலில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பையில் அந்தப் பித்தளை கேஜ் மாதிரியே 12 மி.மீ.க்கு ஒன்று இருக்கிறது. நாங்கள் கிளம்புவதற்குள் லேத்தில் கடைந்து கொடுத்துவிட்டார். தனுஷ்கோடி இறங்குதுறையின் பழைய படங்கள் யாரிடமாவது, குடும்ப ஆல்பத்தில் ஒரு மூலை மட்டும் தெரிகிற படமாக இருந்தாலும் சரி, இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.